அஞ்சு வயசுல பேசினவன்

சங்கரன்கோவிலில் என் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், என் குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, தண்ணீர் வராத நாள், கண் சிகிச்சை முகாம், துஷ்டி வீட்டு அடக்க நேரம், காணாமல் போன ஆடு என்று பதினைந்து வருஷமாக ஊருக்கு எல்லாவற்றையும் நான்தான் சொல்லி வருகிறேன். ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், உள்ளே ஆம்ப்ளிஃபயர், ஒரு பென் டிரைவ். மாடியில் பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்தி ஒரு அறை வைத்திருக்கிறேன். பதிவெல்லாம் அங்கேதான்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என் மகளுக்கு ஆறு வயது நடக்கிறது. இன்றுவரை அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டி, ஆண்டவன் விளையாட்டைப் பாரேன் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண்டவனை ஏன் இழுக்க வேண்டும்? இதற்கு நடுவில் ஒரு பொய் இருக்கிறது. அதை முதலில் சொன்னது என் அக்கா. ஊரெல்லாம் பரப்பியது நான்.

மகளுக்கு இரண்டரை வயதில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். மாமன் மடியில் உட்கார வைத்து ஊசி குத்தும்போதும் அவள் மண்டபத்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் பத்துப் பக்கமிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருத்தர் பக்கமும் திரும்பவில்லை. பந்தியில் என் மனைவி சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தாள். பெரியம்மா முறையுள்ள ஒருத்தி இலையைவிட்டு நிமிர்ந்து, பந்தி முழுக்கக் கேட்கும்படிக் கேட்டாள்.

"ஏட்டி, பிள்ளை இன்னும் ஒத்த வார்த்தை பேசலியே. ஒங்க வழியில யாரும் ஊமை உண்டுமா?"

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. வாளியைக் கீழேயும் வைக்க முடியாமல், அடுத்த இலைக்கும் போக முடியாமல் நின்றாள். அப்போது அப்பளக் கூடையோடு பின்னால் வந்த என் அக்கா சட்டென்று முன்னால் வந்தாள்.

"அவ வழியில ஏன் தேடுதிய? எங்க வழிதான் இது. இந்தா நிக்கானே எந் தம்பி, இவன் அஞ்சு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. அம்மா அழாத கோயில் கிடையாது. ஒருநாள் பேச ஆரம்பிச்சான், இன்னைக்கு வரைக்கும் நிறுத்தல!"

பந்தியே சிரித்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கையில் கரண்டியோடு நானும் சிரித்தேன்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா விசைத்தறிக்கு வேலைக்குப் போனாள், அக்காதான் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். பிறகு அம்மாவும் போய்விட்டாள். என் சின்ன வயதைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அக்கா சொன்னதுதான். முப்பத்தொரு வயது வரைக்கும் இந்தச் சங்கதியை அவள் ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லையே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அது தோன்றியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊமையாகக் கிடந்தவன் ஊருக்கே குரலாக வந்தான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? டீக்கடையில் சொன்னேன், கல்யாண மேடையில் சொன்னேன், மைக் டெஸ்ட் பண்ணும்போதெல்லாம் சொன்னேன். அக்கா சொன்னது நாலு வரி. அதற்குக் கண், காது, மூக்கு வைத்தவன் நான். "நான் பேசின முதல் வார்த்தையே 'ஹலோ, மைக் டெஸ்டிங்'தான்" என்பேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

மனைவிக்கு மட்டும் உள்ளூர உதைப்பு இருந்துகொண்டே இருந்தது. அங்கன்வாடி டீச்சர் அவளிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்: பிள்ளை கண்ணைப் பார்க்க மாட்டேங்குது, கூப்பிட்டால் திரும்ப மாட்டேங்குது, மூடியை எல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்குது, ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று. மனைவி என்னிடம் வந்து சொன்னாள். நான் எரிந்து விழுந்தேன்.

"நானே அஞ்சு வயசுலதான் பேசினேன். எம் பிள்ளை எப்பிடி இருக்கும்? சும்மா கிட."

அவள் சும்மா கிடக்கவில்லை. வசம்பு உரசி நாக்கில் தடவினாள். கிளி கொத்தின கொய்யாப்பழம் தேடிப் பிடித்து ஊட்டினாள். கோயில் கடைகளில் கண், கை, கால் எல்லாம் வெள்ளித் தகட்டில் கிடைக்கும், நாக்கு கிடைக்காது. அவள் ஆசாரியிடம் சொல்லி ஒரு நாக்கு வெட்டி வாங்கி உண்டியலில் போட்டாள். ஆடி மாதம் கோயிலை நூற்றெட்டு தடவை ஆடிச்சுற்று சுற்றினாள், புற்றுமண்ணை மகளின் நெற்றியில் பூசினாள். இதிலெல்லாம் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. வசம்பு உரசுகிறவள் பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிறது என்றாவது நினைக்கிறாள். என் கதையைக் கேட்டவர்கள் அதைக்கூட நினைக்கவில்லை. ஒன்றரை வருஷம் இப்படியே போனது.

மகளுக்கு நாலு வயதில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. தெற்கு ரத வீதியில் எள் போட்டால் எள் விழாது. தகவல் பந்தலில் வழக்கம்போல நான்தான் மைக்கில் இருந்தேன். தொலைந்துபோன பிள்ளைகளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்துவார்கள். "மஞ்சள் சட்டை போட்ட பையன், பேர் சொல்லுதான், அப்பா பேரைக் கேட்டா அப்பாங்கான்" என்று நான் சொன்னதும் கூட்டம் சிரிக்கும். பெற்றவர்கள் ஓடி வருவார்கள். வருஷா வருஷம் நடக்கிறதுதான். அன்றைக்குச் சாயங்காலம் சாமி அம்மனுக்குக் காட்சி கொடுக்கிற நேரம். கூட்டம் முன்னால் தள்ளிக்கொண்டு போனது. என் மனைவி மட்டும் எதிர்த்திசையில் ஆட்களை இடித்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

"பாப்பாவைக் காணோம். கையிலதான் பிடிச்சிருந்தேன். உருவிட்டுப் போயிட்டா."

நான் மைக்கை இழுத்து மகளின் பேரைச் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். "அப்பா இங்கன இருக்கேன், வா மக்கா" என்றேன். வீதி முழுக்க என் குரல் போய் மோதித் திரும்பி வந்தது. நாலாவது முறை வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அரை அடி தூரத்தில் நின்று கூப்பிட்டாலே திரும்பாத பிள்ளை அது. யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் நான்? யாராவது கையைப் பிடித்து நிறுத்திப் பேர் கேட்டாலும் சொல்லாது. அப்பா யார் என்று கேட்டாலும் ஸ்பீக்கரைக் காட்டாது. என் தொழிலில் முதல்முறையாக மைக் திறந்திருக்க நான் பேச்சற்று நின்றேன். மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பிறகு சொன்னேன். "பச்சைப் பாவாடை, நாலு வயசுப் பெண் குழந்தை. பேர் சொல்ல மாட்டா. கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஓடினா நிக்க மாட்டா. யாராவது பார்த்தா, தயவுசெஞ்சு தூக்கிட்டு வாங்க. அது எம் பிள்ளை."

முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் நினைக்காத கிணறு இல்லை, நினைக்காத லாரி இல்லை. நேர்ச்சையாகச் சப்பரத்தில் எறிய இளையரசனேந்தல் பக்கமிருந்து பருத்தி கொண்டுவந்திருந்த ஒரு அம்மாள்தான் அவளை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜூஸ் கடைக்குப் பின்னால் ஜெனரேட்டரில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றாளாம். சூட்டில் கை சிவந்திருந்தது. அழவும் இல்லை, எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. அந்த அம்மாள், "பிள்ளை ஊமையா அண்ணாச்சி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் திருநெல்வேலிக்குப் போனோம். காதுக்கு மட்டும் இரண்டு நாள் சோதனை பண்ணினார்கள். காது நன்றாகக் கேட்கிறது. வேறு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் மகளோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்றார். மருந்து மாத்திரையில் மாறுகிறது இல்லை, பயிற்சிதான் கொடுக்க வேண்டும், பேச்சுக்குத் தனிப் பயிற்சி, நடத்தைக்குத் தனிப் பயிற்சி என்றார். கடைசியாக, "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார்.

"நானே அஞ்சு வயசுலதான் சார் பேசினேன்."

அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். "அப்படியே இருந்தாலும் காத்திருந்திருக்கக் கூடாது" என்றார். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸில் வரும்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் நல்ல காலம், ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய அறையில் சனிக்கிழமை தோறும் பேச்சுப் பயிற்சி நடந்தது. தென்காசியிலிருந்து ஒரு பெண் வருவார். சின்னப் பெண்தான், எங்கள் எல்லோருக்கும் பேச்சு டீச்சர். மொத்தம் நாலு பிள்ளைகள். ஆளுக்கு முக்கால் மணி நேரம்.

டீச்சர் பேசச் சொல்லிக் கொடுப்பார் என்றுதான் போனேன். அவர் சோப்புக் குமிழி ஊதுகிற டப்பாவை எடுத்தார். ஒரு ஊது. குமிழிகள் பறந்தன, மகள் துள்ளினாள். உடனே டப்பாவை மூடி அவள் முன்னால் நீட்டிக்கொண்டு சும்மா இருந்தார். நான் "கேளு மக்கா, தா சொல்லு, தா, தா" என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"அண்ணா, நீங்க பேசாதீங்க. அவ கேக்கதுக்கு முன்னாடியே நீங்க கேட்டுருதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவளுக்கு இடம் விடுங்க."

பத்து எண்ணுவது பெரிய வேலையா என்று நினைப்பீர்கள். எனக்கு மூன்றுக்கு மேல் தாங்காது. மைக்கில் மூன்று நொடி சத்தம் இல்லை என்றால் வண்டி ரிப்பேர் என்று அர்த்தம். டீச்சர் என் வாயை எத்தனையோ தடவை அடக்கினார். ஏழாவது சனிக்கிழமை நான் எட்டு வரை எண்ணியிருப்பேன், மகள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டப்பா மூடியின்மேல் வைத்தாள். திற என்று அர்த்தம். முகத்தைப் பார்க்கவில்லைதான். ஆனால் என்னிடம் ஒன்றைக் கேட்டாள். பிறந்ததிலிருந்து முதல்முறை. "இதுவும் பேச்சுதான் அண்ணா" என்றார் டீச்சர். நான் வெளியே வந்து ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதான் எங்களுக்குக் கிழமை. மற்ற ஆறும் அதற்குப் போகிற வழி.

மகளுக்கு ஐந்து வயது முடிந்தது. விவரம் எல்லாம் தெரிந்த பின்பும், பிறந்தநாள் அன்று காலையிலிருந்து என்னையறியாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சு வயது அல்லவா, அப்பனைப் போல இன்றைக்குத் திறந்துவிட மாட்டாளா என்று. வெட்கக்கேடு. சாயங்காலம் மனைவி சொன்னாள், "நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்று.

அந்த மாதம்தான் டீச்சர் அந்தச் செய்தியைச் சொன்னார். நாலு பிள்ளைக்காக வாராவாரம் ஆள் அனுப்ப முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்களாம். மாதக் கடைசிக்குள் பத்துப் பிள்ளையாவது பதியாவிட்டால் வகுப்பு தென்காசியில் மட்டும்தான். தென்காசிக்கு நாங்கள் முயன்று பார்க்காமல் இல்லை. பஸ்ஸில் ஏர் ஹாரன் சத்தத்துக்கு மகள் தன் கையைத் தானே ரத்தம் வருகிற மட்டும் கடித்தாள். பாதி வழியில் இறங்கிவிட்டோம். ஆட்டோவில் ஒருமுறை கூட்டிப்போனேன். போய்ச் சேர்வதற்குள் அழுது ஓய்ந்து, கட்டை மாதிரி தூங்கிவிட்டாள், எழுப்பினால் மறுபடியும் அலறல். இங்கே வகுப்பு நின்றால் எங்களுக்கு வகுப்பே இல்லை.

இந்த வட்டாரத்தில் இன்னும் ஆறு பிள்ளைகள் இருக்க மாட்டார்களா? இருந்தார்கள். எனக்கே தெரியும். தெருத்தெருவாகப் போகிறவன் நான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு மட்டும் திரும்புகிற முகங்களை நான் பார்த்திருக்கிறேன். "பேச்சு வராத குழந்தைகளுக்கு இலவசப் பயிற்சி, பெற்றோர்களே வாரீர்" என்று பதிவு செய்து ஊரைச் சுற்றினேன். வாசுதேவநல்லூர் வரைக்கும் போனேன். இரண்டு சனிக்கிழமை போனது. ஒரு பிள்ளைகூட வரவில்லை.

மூன்றாவது வாரம் திருவேங்கடத்தில் ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, குழாயடியில் நின்றவர்களிடம் நேரில் பேசினேன். குடத்தோடு நின்ற ஒரு பெண் என் குரலைக் கேட்டதும் கண்ணை விரித்தாள்.

"நீங்கதானா அந்த அண்ணாச்சி? அஞ்சு வயசு வரைக்கும் பேசாம இருந்தீகளாமே! எங்க வீட்டுக்காரர் ஒங்க கதையைத்தான் எந்நேரமும் சொல்லுவாரு. டாக்டர்ட்ட போவமான்னு நான் கேக்கும்போதெல்லாம், மைக் அண்ணாச்சியப் பாருட்டின்னு என் வாயை அடச்சிருவாரு."

குடத்தை இறக்கிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். ஒரு பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆறு வயது இருக்கும். அவன் என்னைத் தாண்டி ஆட்டோவின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களைக் கண்ணுக்கு நேராக ஆட்டிக்கொண்டே இருந்தான். அவள் அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள்.

"பாரு மக்கா, இந்த மாமாவும் ஒன்ன மாதிரிதான் இருந்தாரு. நீயும் பேசிருவ, என்ன?"

சாமி கும்பிடுகிற முகம் அவளுக்கு. நான் கொண்டுவந்த நோட்டீஸை அவள் கையில் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே மடித்து இடுப்பில் செருகினாள். வர மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் ஏன் வரவில்லை என்பதும் தெரிந்தது. நான் வாசலில் வந்து கூப்பிடுகிறேன், எனக்கு முன்னாலேயே என் கதை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு போகாதே என்கிறது.

வண்டியை நேராக அக்கா வீட்டுக்கு விட்டேன். அப்போதுகூட எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. நான் எப்படிப் பேச ஆரம்பித்தேன் என்ற விவரத்தைக் கேட்டால், என் விஷயம் வேறு, இந்தப் பிள்ளைகள் விஷயம் வேறு என்று எடுத்துச் சொல்லலாமே என்றுதான் போனேன். மறுநாள் அக்கா மகளைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். அக்கா அதிரசத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தாள்.

"யக்கா, நான் பேசின முதல் வார்த்தை என்ன?"

அவள் சல்லடையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள். "கா. காக்காவப் பாத்து, கா கான்னே. அப்பம் ஒனக்கு நாலு பல்லுதான். அம்மா தறிக்குப் போயிட்டு வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன், தம்பி பேசிட்டான்னு..."

சல்லடை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மாவு ஒரு பக்கமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பம் அஞ்சு வயசு?"

"ஏலே, அன்னைக்கு அவ சாம்பார் வாளியோட நின்ன நிலை எனக்குப் பொறுக்கல. சபையில வச்சு ஒரு பிள்ளையை அப்பிடிக் கேப்பாளா? அந்த வாய அடைக்கணும்னு சொன்னேன். அன்னைக்கு ஒரு நாளைக்குன்னுதான் சொன்னேன். நீதானலே அதை ஊரெல்லாம் கொண்டு போன."

எனக்கு அக்காவை அடிக்க வேண்டும் போல இருந்தது. காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. அவள் சொன்னது சத்தியம். வாளியைப் பிடித்து நின்றவளைக் காப்பாற்ற ஒருத்தி நாலு வரி சொன்னாள். அதற்கு மைக் பிடித்தவன் நான். "எம் பிள்ளைக்கு ஒன்றரை வருஷம் போச்சுக்கா" என்றேன். இதை மைக்கில் மாற்றிச் சொல்லப் போகிறேன் என்றேன். அக்கா எழுந்துவிட்டாள்.

"என்னன்னு சொல்லுவ? எம் பிள்ளைக்குப் புத்திக் கோளாறு, எங்க அக்கா பொய் சொன்னான்னா? நாளைக்கு எம் மவளப் பாக்க வாராங்கடே. எங்க வழியில இப்பிடி ஒரு பிள்ளைன்னு தெருவுல கத்தினா எவன் எடுப்பான்? பத்து நாள் பொறு. நிச்சயம் பண்ணிக் கை நனைச்சுட்டுப் போகட்டும். பொறவு என்னமும் சொல்லு."

"வார சனிக்கிழமைதான்கா கடைசி."

அக்கா மகள் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கைவிரலைப் பிடித்து நடந்து வளர்ந்த பிள்ளை. நான் அவளைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அன்று பதிவு செய்ய உட்கார்ந்தவனுக்கு ஐந்து முறை குரல் உடைந்தது. ஆறாவது முறை வந்ததை அப்படியே வைத்தேன். "தாய்மார்களே, தகப்பன்மார்களே, இது கடை விளம்பரம் இல்லை. நான் அஞ்சு வயசுலதான் பேசினேன்னு ஊருக்குள்ள ஒரு கதை இருக்கு. அது பொய். நான் ஒரு வயசுக்குள்ளேயே பேசிட்டேன். எம் பிள்ளைக்கு அஞ்சு வயசு முடிஞ்சாச்சு, இன்னும் பேசல. அந்தக் கதையை நம்பி நான் நாளைத் தொலைச்சேன். நீங்களும் நம்பியிருந்தா என்னை மன்னிச்சிருங்க. காத்திருக்காதீங்க. சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க." அக்காவைப் பற்றி ஒரு சொல் வைக்கவில்லை. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் காலையிலிருந்து சுற்றினேன். அக்கா தெருவை மட்டும் விட்டுவிடலாம் என்று வண்டியைத் திருப்பவும் செய்தேன். ஆனால் அந்தத் தெருவில்தான், அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஜன்னல் கம்பியில் எந்நேரமும் ஒரு சிறு பெண் நிற்பாள். வண்டியைத் திரும்பவும் திருப்பினேன். அக்கா வீட்டு வாசலில் வெளியூர் கார் நின்றது. சத்தத்தைக் குறைக்கவில்லை. நான் கடந்து போகும்போது அக்கா வீட்டு ஜன்னல் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன.

வாசுதேவநல்லூர்க்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம்தானா, நான்தானா என்று யாருக்குத் தெரியும். அன்றிலிருந்து அக்காவுக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

சனிக்கிழமை நாங்கள் போனபோது பள்ளிக்கூட வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லை. இருபத்து மூன்று பிள்ளைகள். வகுப்பு தப்பித்தது. டீச்சர் பேர் எழுதி எழுதிக் கை ஓய்ந்து நிமிர்ந்தார். "அண்ணா, இனிமே ஆளுக்குப் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். அவளுக்கும்தான்" என்றார். தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? அந்த இரைச்சல் தாங்காமல் மகள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டாள், அறைக்குள் கால் வைக்கவே மறுத்தாள். அவளுக்காகக் கூட்டிய கூட்டம் அவளைத்தான் முதலில் வெளியே தள்ளியது. மனைவி அவளை மடியில் போட்டு வரிசையின் கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அந்தத் திருவேங்கடத்துப் பெண் வந்தாள். வீட்டுக்காரர் இல்லாமல், பையனோடு மட்டும் வந்திருந்தாள். அவன் அவள் கையிலிருந்து திமிறிக்கொண்டிருந்தான். என் முன்னால் நின்று, திட்டப் போகிறாள் என்று பார்த்தால் திட்டவில்லை. சன்னமாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, அப்பம் எம் பிள்ளை பேச மாட்டானா? ஆறு வயசு ஆயிட்டே. இப்பம் ஆரம்பிச்சா பேசிருவான்லா?"

அவள் கண் நிறைந்திருந்தது. பையனின் கையை விடவும் முடியாமல், உள்ளே போகவும் முடியாமல் நின்றாள். எனக்கு அந்தப் பந்தியும் சாம்பார் வாளியும் கண்முன்னால் வந்தன. 'பேசிருவான் தாயி, எங்க சொந்தத்துல ஒரு பையன் ஏழு வயசுலதான் பேசினான்' என்ற வாக்கியம், அப்படி ஒரு பையனே கிடையாது, தானாக உருண்டு என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தும் விட்டேன். அக்கா அன்றைக்கு எப்படிச் சொன்னாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பத்து எண்ணினேன்.

"தெரியல தாயி" என்றேன். "எனக்கு எம் பிள்ளையைப் பத்தியே தெரியல. வரிசையில நில்லுங்க."

அவள் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என் மகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.